வரவேற்பு மேசையில் ஒட்டிய தாள்

கேள்வி

வணக்கம் ஐயா. எனக்கு 33 வயது. கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். படித்தது பி.காம். இரவுப் பணியில் கிடைத்த நேரத்தில் இணையவழியில் பயனர் அனுபவ வடிவமைப்புச் சான்றிதழ்ப் படிப்பை முடித்தேன். திரைகளை வரையும் மென்பொருளான ஃபிக்மா ஓரளவு கைக்குப் பழகியிருக்கிறது. என் வேலைகளைக் காட்டும் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் நான்கு பணிகளை வைத்திருக்கிறேன்: உணவு வரவழைக்கும் செயலி, நாய் தத்தெடுக்கும் செயலி, சினிமா டிக்கெட் செயலி, தியானச் செயலி. ஐந்து மாதங்களில் 23 இடங்களுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு விண்ணப்பித்தேன். இரண்டு இடங்களிலிருந்து மறுப்பு வந்தது. மற்ற இடங்களிலிருந்து பதிலே இல்லை.

ஹோட்டல் வேலையை விரிவாக எழுதினால் 'இவர் நம் துறை இல்லை' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து ஒரே வரியோடு நிறுத்திக்கொண்டேன். இது சரியா? இந்த வயதில் இன்டர்ன்ஷிப் கேட்பது கேலிக்கு இடமாகுமா? எனக்கு ஓவியம் வராது. வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் செய்ததும் இல்லை. மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது விருந்தினர்களுக்காக ஒரு தாளில் விவரம் எழுதி மேசையில் ஒட்டினேன். யாரும் படிக்கவில்லை. பாதியாகக் குறைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். படித்தவர்களும் மறுபடி தொலைபேசியில் கேட்டார்கள். பிறகு மூன்றே வரிகளாக்கி, விருந்தினர் தம் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை அனுப்பத் தொடங்கினோம். அதன் பிறகு அழைப்புகள் குறைந்தன. இந்த மாதிரி எழுத்து வேலைதான் எனக்குத் தெரிந்தது.

பெங்களூருவில் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் ஒன்று கிடைக்கும்போல் இருக்கிறது. அம்மாவையும் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளையும் விட்டுவிட்டுப் போகலாமா? விண்ணப்பக் கடிதத்தையும் போர்ட்ஃபோலியோவையும் இணைத்திருக்கிறேன்.

- வாசகி, கொடைக்கானல்

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் போர்ட்ஃபோலியோவை இரண்டு முறை பார்த்தேன். நாய் தத்தெடுக்கும் செயலியில் நிறங்கள் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. எழுத்துகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. குறை சொல்ல இடமில்லை. ஆனால் பார்த்து முடித்த அரை மணி நேரத்தில் அதில் எதுவும் எனக்கு நினைவில் இல்லை. நீங்கள் நாய் வளர்க்கிறீர்களா என்பதுகூட அதிலிருந்து தெரியவில்லை. கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய அந்த இ-பாஸ் தாள்தான் மனதில் நிற்கிறது. முதலில் அதைப் பற்றியே பேசுகிறேன்.

'எழுத்து வேலை' என்கிறீர்கள். எங்கள் வடிவமைப்புத் தொழிலில் அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும் என்று வந்தது. சீசன் உச்சத்தில் இருந்த வாரம். உங்கள் மேசைத் தொலைபேசி என்ன பாடு பட்டிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நீங்கள் எழுதினீர்கள், பலிக்கவில்லை. குறைத்தீர்கள், அதுவும் பலிக்கவில்லை. மூன்றாவது முறை பலித்தது. வரிகள் குறைந்ததால் பலித்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாலையில் அனுப்பினீர்களே, அதனால்தான் பலித்தது.

படிவம் வண்டி எண்ணைக் கேட்கிறது. அறை பதிவு செய்கிற நாளில் விருந்தினரிடம் அந்த எண் இல்லை. மதுரையிலோ கொடைக்கானல் ரோடு ரயில் நிலையத்திலோ வாடகைக் கார் ஏறப்போகிறவருக்கு எந்த வண்டி வரும் என்பது முந்தைய நாள் மாலைதான் தெரியும். கையில் இல்லாத ஒன்றைக் கேட்டால் மனிதர்கள் ஒத்திப்போடுவார்கள். ஒத்திப்போட்டதை மறப்பார்கள். மறந்தவர்கள் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உங்களை அழைப்பார்கள். நீங்கள் எந்தத் திரையையும் தொடவில்லை. செய்தி போய்ச் சேரும் வேளையை மாற்றினீர்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிறுவனங்களில் ஒரு குழுவே மூன்று வாரம் உட்காரும்.

வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் 1993-ல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது 'யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்' (பயனர் அனுபவம், சுருக்கமாக யூஎக்ஸ்) என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டார். இடைமுகம் என்ற சொல் அவருக்குப் போதவில்லை. பொருளின் தோற்றம், திரை, கையேடு என்று மனிதர் எதிர்ப்படுகிற எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது. திரை வரைகிற வேலைதான் யூஎக்ஸ் என்று இன்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படி நினைத்ததால்தான் அந்தத் தாளைப் போர்ட்ஃபோலியோவில் சேர்க்கவில்லை.

இன்னும் ஒன்று கேட்கிறேன். 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பு வந்ததே, அப்போது உங்கள் மூன்று வரிகளை மாற்றினீர்களா? கடிதத்தில் அது இல்லை. அதுவரை 'எப்படி எடுப்பது' என்று கேட்டவர்கள், அந்த ஏப்ரலில் 'கிடைக்குமா' என்று கேட்டிருப்பார்கள். படிவம் அதேதான், கவலை வேறு. முந்தைய மாலை வரை பொறுத்திருங்கள் என்ற உங்கள் தீர்வே அப்போது சிலருக்கு வினையாகியிருக்கலாம்; அவர் விண்ணப்பிக்கும் நேரத்தில் அன்றைய எண்ணிக்கை நிறைந்திருந்தால்? வண்டி எண் தெரிய மாலை வரை பொறுக்க வேண்டும், இடம் கிடைக்க முன்கூட்டியே எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. இதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் அதையும் எழுதி, இப்போது செய்வதாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இந்தப் பத்தி வரும்போது விண்ணப்பத்தைப் படிக்கிறவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

ஆதாரம் எங்கே என்று நீங்கள் கேட்பீர்கள். வரவேற்பு மேசையில் ஒரு ஷிப்டிலிருந்து அடுத்த ஷிப்டுக்கு எழுதிவைக்கும் குறிப்பேடு இருக்குமே, அதில்தான். 2024 மே, ஜூன் பக்கங்களைப் புரட்டுங்கள். 'விருந்தினர் சாவடியில் நிற்கிறார், இ-பாஸ் இல்லை' என்கிற மாதிரி எத்தனை குறிப்புகள், எந்தத் தேதியில், எந்த நேரத்தில் என்று எண்ணுங்கள். நீங்கள் தாளை மாற்றிய நாட்களோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சிறியதாக இருந்தாலும் அது உண்மையான எண்ணிக்கை. 'பயனர் திருப்தி 40 சதவீதம் உயர்ந்தது' என்று உங்கள் உணவுச் செயலியில் போட்டிருக்கிறீர்களே, யாரும் பயன்படுத்தாத செயலியில் யாருடைய திருப்தி உயர்ந்தது? அந்த வரியை இன்றே எடுத்துவிடுங்கள். நான் தேர்வு செய்கிற இடத்தில் இருந்தால் அந்த வரியோடு மூடிவிடுவேன்.

குறிப்பேட்டைத் தொடுமுன் மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். விருந்தினரின் பெயர், அறை எண், தொலைபேசி எண், வண்டி எண் எதுவும் வெளியே வரக் கூடாது. ஹோட்டலின் பெயரைக்கூடச் சொல்லாமல் விடலாம்.

இப்போது அந்த நான்கு செயலிகள். சான்றிதழ்ப் படிப்புகளில் தரும் பயிற்சிகளை உங்களைப் போலவே ஆயிரக்கணக்கானவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரே மஞ்சள் நிற ஒட்டுத் தாள்கள், ஒரே வரிசை. தியானச் செயலிக்கு 'ரம்யா, வயது 28, பெங்களூரு, காபி பிரியை' என்று ஒரு கற்பனைப் பயனரை உருவாக்கியிருக்கிறீர்கள். தினமும் நேரில் வந்து நிற்கிற ஆட்களை விட்டுவிட்டு ரம்யாவை எதற்குக் கூட்டிவந்தீர்கள்? பயிற்சிக்கு அவை வேண்டியிருந்தன, குறை சொல்லவில்லை. ஆனால் போர்ட்ஃபோலியோவில் மூன்றை எடுத்துவிட்டு, கை வேகத்தைக் காட்ட ஒன்றை மட்டும் கடைசியில் வையுங்கள். முதலில் இ-பாஸ் தாள். இரண்டாவதாக, உங்கள் ஹோட்டலின் முன்பதிவுப் பக்கம்.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன். உங்கள் முதல் இன்டர்ன்ஷிப்பை உங்கள் ஹோட்டலிலேயே செய்யலாம். சீசன் முடிந்து கூட்டம் குறைந்த மாதங்களில், உரிமையாளரிடம் 'முன்பதிவுப் பக்கத்தில் ஓர் இடத்தை மட்டும் சரிசெய்து காட்டுகிறேன்' என்று கேளுங்கள். முழுப் பக்கத்தையும் மாற்றுகிறேன் என்றால் அவர் செலவை நினைத்து மறுத்துவிடுவார். குழந்தைகளின் வயதைக் கேட்கும் இடம் போதும். ஆறு வயதுக் குழந்தையைச் சேர்க்காமல் பதிவு செய்துவிட்டு வந்து, கூடுதல் படுக்கைக்குக் கட்டணம் என்றதும் மேசையில் சண்டை பிடிக்கும் அப்பாக்களை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்! அந்தச் சண்டை உங்கள் மேசையில் வெடித்தாலும் அது அந்தப் படிவத்தில் தொடங்கியதுதான்.

வடிவமைத்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பயன்பாட்டுச் சோதனைகளில் பேர்பெற்ற ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதியபடி ஐந்து பேர் போதும். பெரும்பாலான தடுமாற்றங்கள் அந்த ஐந்து பேரிடமே தெரிந்துவிடும். அந்த ஐவரில் இருவராவது வாடகைக் கார் ஓட்டுநர்களாக இருக்கட்டும். இ-பாஸ் விருந்தினருக்கான விஷயம் என்று தோன்றும். ஆனால் பல குடும்பங்களுக்கு அதைத் தன் கைப்பேசியில் எடுத்துக் கொடுக்கிறவர் ஓட்டுநர். சாவடியில் க்யூஆர் குறியீட்டை நீட்டுகிறவரும் அவரே. உங்கள் மூன்று வரிகள் அவரிடம் போய்ச் சேர்ந்தனவா? சுற்றுலா வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். மலைப்பாதையில் சிக்னல் போய்விடும், வத்தலக்குண்டு தாண்டுமுன் படமாகச் சேமித்துவிடுவோம் என்று ஒருவர் சொன்னால், அது உங்கள் நான்காவது வரி.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒன்பது ஆண்டு ஹோட்டல் வேலை உங்களுக்குக் கொடுத்த ஒரு பழக்கம் இங்கே எதிராக நிற்கும். எதிரில் இருப்பவர் திணறினால் உடனே உதவுவது உங்கள் தொழில் தர்மம். எங்கள் வேலையில் அவர் திணறுவதை வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். கைப்பேசியை அவரிடம் கொடுத்து, 'நாளை வருகிறீர்கள், இதில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 'பிடித்திருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு பழக்கமும் உண்டு: 'சரி சார், செய்துவிடலாம் சார்'. வடிவமைப்புக் குழுவில் மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் சரி என்பவரால் பயன் இல்லை. இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ள உங்களுக்குச் சில மாதங்கள் ஆகும்.

ஹோட்டல் வேலையை மறைப்பது பற்றிக் கேட்டீர்கள். நானும் மறைத்தவன்தான். மதுரையில் ஓர் அச்சகத்தில் ஆறு ஆண்டுகள் டிடிபி வேலை, அதாவது கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும் வேலை, பார்த்தேன்: கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், சீட்டு அட்டை, விண்ணப்பப் படிவம். இந்தத் துறைக்கு வர முயன்றபோது அதைச் சொல்ல வெட்கம். முதல் நேர்காணலில் 'அந்த ஆறு ஆண்டுகள் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டார்கள். 'சொந்தத் தொழில்' என்று முணுமுணுத்தேன். என்ன தொழில் என்றார்கள். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் கூடாது.

இரண்டாவது இடத்தில் மறைக்கத் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னேன். எதிரில் இருந்தவர் 'படிவமா, எந்தப் படிவம்?' என்று ஆர்வமாகக் கேட்டார். கடன் விண்ணப்பம் ஒன்றில் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதும்படி நான் கட்டம் போட்டிருந்தேன். ஆங்கிலப் படிவத்தைப் பார்த்து அப்படியே போட்டது. நிரப்பி வந்த தாள்களைப் பார்த்தபோது கோவிந்தராஜன் என்ற பெயரை ஒருவர் ஏழு கட்டத்தில் எழுதியிருந்தார், அதே பெயர்கொண்ட இன்னொருவர் பத்துக் கட்டத்தில். முதலாமவருக்குக் 'கோ' ஓர் எழுத்து; இரண்டாமவர் கொம்புக்கு ஒன்று, ககரத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று மூன்று கட்டம் எடுத்திருந்தார். 'ரா'வுக்கும் அப்படியே இரண்டு. அடுத்த அச்சில் கட்டங்களை எடுத்துவிட்டு ஒரு நீளக் கோடு போட்டேன். இதை நான் சொல்லி முடித்ததும் அவர் என் போர்ட்ஃபோலியோவைத் திறக்கவே இல்லை. வேறு என்ன படிவங்கள் செய்தீர்கள் என்று முக்கால் மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

தமிழ் பற்றி வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் திரைகள் நான்கும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஒன்றையாவது தமிழில் செய்யுங்கள். 'சப்மிட்' என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் அடங்கிய பொத்தான், 'சமர்ப்பிக்கவும்' என்று வந்ததும் பிதுங்கிக்கொண்டு இரண்டாவது வரிக்குப் போகும். 'அனுப்பு' என்று போடலாமா, அதில் மரியாதை குறைகிறதா, பொத்தானுக்கு மரியாதை தேவையா என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும். இகர மேல்விலங்கும் உகரக் கீழ்விலங்கும் வரிக்கு மேலும் கீழும் இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் ஒன்றோடொன்று மோதும். பல குழுக்களில் இதைக் கவனிக்க ஆளே இல்லை, கடைசி நாளில் மொழிபெயர்ப்பை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மேசையில் தமிழ், ஆங்கிலம், கொஞ்சம் மலையாளம், சமாளிக்கும் அளவு இந்தி என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசுகிற உங்களுக்கு இது இயல்பாக வரும். கூடவே, வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் வைக்கும் பழக்கத்தை விடுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது, பார்வை குறைந்தவர்களும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகுதன்மை விதி; உங்கள் தியானச் செயலி அதில் தேறாது என்று நினைக்கிறேன்.

இனி விண்ணப்பக் கடிதம். 'சிறு வயது முதலே வடிவமைப்பின் மீது தீராத ஆர்வம் கொண்ட நான்' என்று தொடங்குகிறீர்கள். இது உண்மையா? உண்மையாக இருந்தாலும் இன்னும் நூறு பேர் அதே வரியை எழுதியிருப்பார்கள். கொடைக்கானலையும் ஹோட்டலையும் ஒரே வரியில் தாண்டி ஓடுகிறீர்கள், ஏதோ வழக்கில் மாட்டியவரைப் போல. நான் எழுதுவதாக இருந்தால் இப்படித் தொடங்குவேன். ஆங்கிலத்தில் அனுப்பும்போதும் வாக்கியங்கள் இதே நீளத்தில் இருக்கட்டும்:

"கொடைக்கானலில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். 2024 மே மாதம் இ-பாஸ் வந்தபோது ஒரே கேள்விக்கு நாள் முழுவதும் தொலைபேசியில் பதில் சொன்னேன். விருந்தினர்களுக்காக ஒரு குறிப்பு எழுதினேன். இரண்டு முறை அது பயன்படவில்லை. மூன்றாவது முறை அதை அனுப்பும் நேரத்தை மாற்றினேன்; அழைப்புகள் குறைந்தன. ஏன் குறைந்தன என்பதையும், பிறகு அதே தீர்வு எங்கே தவறக்கூடியதாயிற்று என்பதையும் இணைப்பில் எழுதியிருக்கிறேன். திரை வடிவமைப்பில் நான் தொடக்க நிலையில் இருக்கிறேன். ஃபிக்மாவில் இன்னும் வேகம் வரவில்லை. ஆறு மாதம் உங்கள் குழுவோடு வேலை செய்து அதைக் கற்க விரும்புகிறேன். உங்கள் முன்பதிவுப் பக்கத்தில் விருந்தினர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்பதை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அழைத்தால் சொல்கிறேன்."

அவ்வளவு போதும். கடைசி இரண்டு வரிகள் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். எங்கே விண்ணப்பிப்பது என்பதற்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. ஹோட்டல்களுக்கான அறை மேலாண்மை மென்பொருள் செய்கிறவர்கள், பயண முன்பதிவு நிறுவனங்கள், உணவகங்களுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுகிறவர்கள் ஆகியோரிடம் போங்கள். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூருவிலும் இப்படிப்பட்ட சிறிய குழுக்கள் இருக்கின்றன. நீங்கள் தினமும் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிற அந்த அறை மென்பொருளைச் செய்தவர்களுக்கே எழுதலாம்; எங்கே திட்டுகிறீர்கள் என்று பணிவாக ஒரு பக்கம் சேர்த்து அனுப்புங்கள். வடிவமைப்பாளர் பதவிதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பயனர் ஆய்வு உதவியாளர், திரைகளுக்கான வாசகம் எழுதுகிறவர் போன்ற வேலைகளும் இதே வீட்டின் வேறு கதவுகள். உங்கள் மூன்று வரிகளைப் பார்த்தால் வாசகம் எழுதுவதில்தான் நீங்கள் முதலில் தேறுவீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய 23 விண்ணப்பங்களின் அறிவிப்புகளையும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். எத்தனையில் 'இறுதியாண்டு மாணவர்கள்' என்று போட்டிருந்தது? நிறுவனங்கள் இன்டர்ன்ஷிப்பைப் பெரும்பாலும் கல்லூரிகள் வழியாகவே நிரப்புகின்றன. அங்கே உங்கள் விண்ணப்பத்தை ஆள் பார்க்குமுன்னரே வடிகட்டியிருக்கலாம். அதை உங்கள் திறமையின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-ல் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்திலும் 21 முதல் 24 வயது என்று வைத்தார்கள். அந்தப் பக்கம் நேரத்தைச் செலவிட வேண்டாம். சிறிய குழுவுக்கு நேரடியாக எழுதும்போது வயது பெரிதாகக் குறுக்கே வராது. உங்களைவிடப் பத்து வயது இளையவர் உங்கள் வேலையில் பிழை சொல்லும்போது முகம் மாறாமல் கேட்க முடியுமா என்பதை மட்டும் யோசித்து வையுங்கள். ஹோட்டலில் இருந்தவருக்கு அது வரும்.

ஓவியம் வேண்டாம். பென்சிலால் நான்கு கட்டம் போடத் தெரிந்தால் போதும்.

பெங்களூரு. சம்பளமில்லாத வேலைக்காக ஒன்பது ஆண்டு வேலையை விட்டுவிட்டு, அம்மாவையும் மகளையும் மலையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வாடகையும் சாப்பாடும் உங்கள் கையிலிருந்து போகும். ஆறு மாதம் கழித்து வேலை தருவார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது. உதவித்தொகை சிறிதாக இருந்தாலும் தருகிறவர்கள் உங்கள் நேரத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள். எதுவும் தராதவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்தே பகுதி நேரமாகச் செய்யலாமா, வாரம் 15 மணி நேரம் போதுமா என்று அவர்களிடமே கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். எங்காவது பக்கத்தில் உட்கார்ந்து கற்கும் வாய்ப்பு உதவித்தொகையோடு வந்தால், கோயம்புத்தூர் என்றால் வார விடுமுறைக்கு ஊர் வந்து போகலாம், அப்போது யோசியுங்கள். தொலைவிலிருந்து மட்டுமே கற்பவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில் நடக்கும் வாக்குவாதம் காதில் விழுவதில்லை. நான் கற்றதில் பாதி அப்படிக் காதில் விழுந்தது. ஆனால் அதற்கு ஒரு குடும்பத்தின் மாதச் செலவை விலையாகக் கொடுக்க முடியாது.

இன்டர்ன்ஷிப் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் பதிலே எழுதாதீர்கள். வீட்டில் செய்து அனுப்பும்படி தேர்வுப் பணி கொடுத்தால், ஒரு வார இறுதியில் முடிகிற அளவு என்றால் செய்யுங்கள். தங்கள் செயலி முழுவதையும் புதிதாக வரைந்து தரச் சொன்னால், 'எந்தப் பகுதியைப் பார்க்க விரும்புகிறீர்கள்? அதை மட்டும் ஆழமாகச் செய்கிறேன்' என்று எழுதிக் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் அந்தக் கேள்வியே உங்களுக்கு மதிப்பெண் வாங்கித் தரும்.

அந்த முதல் தாளை, யாரும் படிக்காத அந்த முழுத் தாளை, இன்னும் எறியாமல் வைத்திருந்தால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். மேசையோரம் நின்று படித்தவர்கள் எந்த வரியில் நிமிர்ந்து உங்களிடமே கேட்கத் தொடங்கினார்கள் என்று நினைவிருந்தால், அங்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.